காகத்துக்கு வைத்த சோற்றில் கபிரியேல் இறங்கிய படலம்

வாழி! வாழி! வெறுவயிற்று வேந்தர் வாழி! விடிகாலைத் தேத்தண்ணி ஒன்றையே கவசமாகப் பூண்டு, பசிப்பெரும்படையை நண்பகல் கடந்தும் நெஞ்சு நிமிர்த்தி எதிர்த்து நின்ற நெடுந்தகையார், மொன்றியல் மாநகரத்து அஹுன்ட்சிக்-கார்ட்டியர்விலின் மூன்றடுக்கு வீடொன்றில் நடுத்தட்டை வாடகைக்கு ஆளும் கோமகனார், புவாண்ட்-கிளேர்ப் பண்டகசாலையில் பெட்டிமலைகளைப் பெயர்த்தெடுத்து அடுக்கும் திண்தோளார், சிவமலரின் கணவர், பேரின்பநாதனார் வாழி!

தொந்திக் கணபதியே! தேவர்கள் எத்தனையோ பேர் இருக்க உம்மை அழைப்பதன் காரணம் உமக்கே தெரியும். சாப்பாட்டின் அருமை அறிந்த தெய்வம் நீர் ஒருவர்தான். ஒரு மனிதருக்கும் அவருடைய சோற்றுக்கும் நடுவே வந்து குந்திய ஒரு குருவியோடு அம்மனிதர் பொருத பெரும்போரை நான் சொல்லப் புகுந்திருக்கிறேன். வந்து என் நாவில் இரும். மோதகத்தைப் பேந்து பார்ப்போம்.

அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். குருவியோடு ஒரு போரா, அதற்கொரு காவியமா என்று. சிரியுங்கள், நல்லாய்ச் சிரியுங்கள். காலையிலிருந்து பச்சைத்தண்ணியும் தேத்தண்ணியுமாய்க் கிடந்து, பொரித்த அப்பளத்தின் மணத்தை மூக்கால் மட்டும் உண்டு, குழம்பு கொதித்து அடங்கும் ஓசையைக் காதால் மட்டும் குடித்து, நீங்களும் ஒருநாள் அந்தக் குசினி வாசலில் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு வந்து என்னோடு கதையுங்கள்.

அது புரட்டாதி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. பின் ஒழுங்கையிலே நின்ற மேப்பிள் மரம் தலைமுதல் கால்வரை சிவந்திருந்தது. சூரியன் வானத்தில் இருந்தான், ஆனால் சும்மா இருந்தான். வெளிச்சம் தந்தானே ஒழியச் சூடு தரவில்லை. பேரின்பநாதனாருக்கோ ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. அது நடப்பதை அவர் உணர்ந்திலர். அவருக்கும் சேர்த்துச் சிவமலர் அம்மையார் உணர்ந்திருந்தார். ஆகவே, புரட்டாதிச் சனி ஒன்றுகூடத் தப்பாமல், காலையில் கோயிலுக்குச் சென்று எள்ளெண்ணெய் எரித்து, வீட்டுக்கு மீண்டு மரக்கறி சமைத்து, சனீஸ்வரனின் ஊர்தியாகிய காகத்துக்கு முதலில் படைத்து, அக்காகம் வாய்வைத்த பின்னரே விரதகாரர் தம் இலையில் கைவைக்கலாம் என்பது அவ்வீட்டுச் சட்டம். சட்டத்தை இயற்றியவர் சிவமலர். நீதிபதியும் சிவமலர். மேல்முறையீடு போனால் அங்கேயும் சிவமலர்தான் இருப்பார்.

அன்று அக்குசினியில் அணிவகுத்து நின்ற படையைச் சொல்லவோ! முன்னணியில், வெண்முத்துக் குவியலெனப் புழுங்கலரிசிச் சோறு. வலப்புறத்தே மஞ்சட்கவசம் பூண்ட பருப்பு. இடப்புறத்தே கருங்குழம்பில் மூழ்கிக் கிடந்த கத்தரிக்காய். நடுவே பொரித்த வாழைக்காய், மோர்மிளகாய், பொன்னிற அப்பளம், அப்போதுதான் எண்ணெய்ச்சட்டியிலிருந்து வெளியேறி வந்து இளைப்பாறிய உழுந்துவடை. இவை யாவற்றுக்கும் பின்னே, அடுப்பின் ஓரத்தே, மூடிபோட்ட சட்டிக்குள்ளே, மன்னர்மன்னனாய் வீற்றிருந்தது சவ்வரிசிப் பாயாசம். அப்பாயாசத்தில் மிதந்தன முந்திரிகை வற்றல்கள், அதாவது உலர்ந்த திராட்சைகள். எங்கட சனம் பிளம்ஸ் என்று சொல்வது அதைத்தான். பேரின்பநாதனாருக்குப் பாயாசம் என்றால் பிளம்ஸ். பிளம்ஸ் இல்லாத பாயாசம் அவரைப் பொறுத்தவரை இனிப்புப் போட்ட கஞ்சி. நெய்யில் பொரிந்து, பாலில் ஊறி, உப்பிப் பருத்து நிற்கும் அவற்றை அவர் ஒதுக்கி ஒதுக்கிக் கடைசி வாய்க்கென்று சேர்த்துவைப்பார். இதை அறிந்த சிவமலர், விரதத்தின் வெகுமதியாகப் பைக்கற்றைக் கவிழ்த்து முழுவதையும் கொட்டியிருந்தார். அதுதான் அவர் கணவர்மீது வைத்த அன்பு. வாயால் சொல்லும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பேரின்பநாதனாருக்கு அன்று பின்னேர வேலை. அவரை ஏற்றிச்செல்லக் காரோடு வருபவன் வேலைத்தோழன் வினோஜன். அவன் வந்து ஹோர்ன் அடித்தால் போகவேண்டியதுதான். அதற்குள் காகம் தின்னவேண்டும், காகத்துக்குப் பின் இவர் தின்னவேண்டும். தவறினால் இரவுவரை பெட்டி தூக்குவது வெறுவயிற்றோடுதான். நிலைமை விளங்குகிறதல்லவா? இனிச் சிரிக்கமாட்டீர்கள்.

சிவமலர் அம்மையார் சிறிய வாழையிலைத் துண்டொன்றில் எள்ளும் நெய்யும் பிசைந்த சோறு வைத்து, பருப்பு விட்டு, உச்சியில் ஒரு வடையை மகுடமாகச் சூட்டி, பின்பக்கத்துப் பல்கனியின் தட்டில் வைத்து, "கா, கா" என்று இருதரம் அழைத்து, கற்பூரம் கொளுத்த உள்ளே சென்றார். கற்பூரம் எரிந்து அடங்கியது. அம்மையார் திரும்பி வந்தார். வந்தவர் கதவுநிலையிலேயே நின்றுவிட்டார்.

இலையில் வடை இல்லை. வடை இருந்த இடத்தில் ஒரு குருவி இருந்தது.

அதன் அழகை என் சொல்வேன்! தலை கருங்கல் பளபளப்பு. காதுப்புறம் இரண்டிலும் வெள்ளி உருக்கி ஊற்றியதுபோல் ஒளித்திட்டு. கழுத்திலே மஞ்சளும் செம்மஞ்சளும் ஒன்றையொன்று முந்தி வழிந்தன. சிறகோரம் சிவப்பு. வாலடி அதைவிடச் சிவப்பு. அலகு பழுத்த எலுமிச்சை நிறம். அதன் குலமோ, நெடுந்தொலைவிலே, கீழைத்தேசத்து வெப்பமலைகளின் உச்சியில், முகில் வந்து மூங்கிலில் தூங்கும் காடுகளில், பாசி போர்த்த மரங்களிடையே கூட்டங்கூட்டமாய்ப் பாடித்திரியும் தொல்குலம். அக்குலத்துதித்த கொழுந்தொன்று மொன்றியல் மாநகரத்துப் பல்கனியில் குந்தியிருந்து, எள்ளுச்சோற்றை இரண்டு கொத்துக் கொத்தி, தலையைச் சரித்து, சிவமலரைப் பார்த்தது. பார்வையில் பயம் என்பது மருந்துக்கும் இல்லை.

ஆனால் அம்மையாரின் சிந்தை குருவியில் இல்லை.

"வடை எங்கையப்பா?"

"எந்த வடை?"

"காகத்துக்கு வைச்ச வடை."

"நான் எடுக்கேல்லை."

"அப்ப வடைக்குக் கால் முளைச்சதோ? இந்தத் துளிக்குருவி அவ்வளவு பெரிய வடையைத் தூக்கிக்கொண்டு போகுமோ?"

கேட்டீர்களா! பசித்திருந்ததும் அவர், பழி சுமந்ததும் அவர். காகத்துக்குப் படைத்த வடையைத் திருடியவர் என்ற கொடுஞ்சொல் அவருடைய காலிவயிற்றில் நேராகப் போய் விழுந்தது. வாயைத் திறந்து காட்டினார். அம்மையார் எட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை, அதனால் ஒன்றும் நிரூபணமாகவுமில்லை. விழுங்கியிருக்கலாம் அல்லவா?

அவமானத்தை ஒருபுறம் ஒதுக்கிவைத்துப் பெருந்தகையார் சட்டத்தின் வழியே ஒரு முயற்சி செய்தார். குருவியைச் சுட்டி, மேடைப்பேச்சுக்காரரின் கனத்த குரலில் முழங்கினார்.

"இஞ்சரும், அதின்ர தலையைப் பாரும். கறுப்பு. காகமும் கறுப்பு. தலையளவில இது காகம்தானே? அது திண்டிட்டுது. அப்ப எனக்குப் பாதிச் சோறாவது போடலாமெல்லோ?"

"சனீஸ்வரன் மஞ்சள் குருவியில ஏறி வந்ததை நீங்கள் எங்கை கண்டனீங்கள்?"

வழக்கு அத்தோடு தள்ளுபடி. அடுத்து, இலையை எடுத்து முன்பக்கத்தில் வைத்துப் பார்ப்போமா என்று ஒரு விண்ணப்பம். ஒருதரம் படைத்ததை இடம்மாற்றுவதில்லை, காகம் வாறதும் பின்பக்கம்தான் என்று அதுவும் தள்ளுபடி. குருவிக்கு ஒன்று போடட்டோ என்று மூன்றாவது. "விரதநாளில ஒரு சீவனுக்கு அடிக்கிறதோ! வாயால கலையுங்கோ" என்று தீர்ப்பு வந்தது.

எனவே ஆயுதமில்லாப் போருக்குப் புறப்பட்டார் பேரின்பநாதனார். தோளிலே குசினித்துவாய், காலிலே வீட்டுச்செருப்பு, கண்ணிலே கனல், வயிற்றிலே அதைவிடப் பெரிய கனல். கதவைத் திறந்து, "சூ!" என்றார். திக்குகள் அதிர்ந்தன. குருவி அதிரவில்லை. துவாயைச் சுழற்றினார். அது எழுந்து, பல்கனியிலிருந்து ஒழுங்கைக் கம்பம்வரை நீண்டு கிடந்த உடுப்புக் கொடியிற் போய் அமர்ந்து, கழுத்தை உப்பி, ஒரு பாட்டை எடுத்துவிட்டது. ஆகா! மேலே ஏறி, நடுவில் உடைந்து, உடைந்த இடத்தில் இன்னொரு பாட்டாக முளைத்து, தேன் வழிவதுபோல் வழிந்த அந்தப் பாட்டைக் கேட்டுப் பெருந்தகையாரின் துவாய் தானாகத் தாழ்ந்தது. பசியில்லாத மனிதராய் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். பாடி முடித்த குருவி நேரே மீண்டும் வந்து சோற்றில் இறங்கியது.

துவாய் எழுந்தது, குருவி பறந்தது, பாட்டுப் பிறந்தது, குருவி மீண்டது. இவ்விதமே பலமுறை. இடையிடையே அவர் காகத்தைத் திரும்பி அழைக்கவும் வேண்டியிருந்ததால், "சூ! கா, கா! சூ!" என்று இரண்டு சேனைகளுக்கும் ஒரே வாயால் கட்டளை இட்டார். பக்கத்துப் பல்கனியில் பூச்சட்டிகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்கார மதாம் நிமிர்ந்து, "போன்ஜூர்! சா வா?" என்று சுகம் விசாரித்தார். "சா வா, சா வா" என்றார் வெறுவயிற்று வேந்தர், மரியாதை தவறாமல்.

காகம் இருந்தது. இல்லாமல் இல்லை. ஒழுங்கையின் கடைசியில், மின்கம்பத்தின் தலைமேல் அது குந்தியிருந்து, அலகை இப்படியும் அப்படியுமாகக் கம்பத்தில் துடைத்துக்கொண்டிருந்தது. அழைத்தபோதெல்லாம் ஒருகண்ணால் பார்த்தது. வரவில்லை. சின்னக்குருவிக்குப் பயந்த காகமும் ஒரு காகமோ என்று பேரின்பநாதனார் மனத்துக்குள் ஏசினார். அது எதற்காக அலகைத் துடைக்கிறது என்று அவர் யோசித்திருக்கலாம். பசித்தவருக்கு யோசனை வராது, என்ன செய்வது.

இத்தருணத்திலே முன்கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால், மேல்தட்டில் குடியிருக்கும் அல்போன்சம்மா. ஒருகாலில் செருப்பு, மறுகாலில் மகனின் சப்பாத்து. கழுத்தில் செபமாலை. மூச்சு வாங்கியது.

"தம்பி, என்ர கபிரியேலைக் கண்டனீங்களோ? ஒழுங்கை, றோட்டு, பார்க் எல்லாம் தேடிட்டன்."

"ஆர் கபிரியேல்?"

"என்ர குருவி, தம்பி. கழுத்து மஞ்சளாய் இருக்கும்."

பேரின்பநாதனாரும் சிவமலரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பல்கனிப் பக்கமிருந்து பாட்டுக் கேட்டது. அல்போன்சம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

விசயம் இதுதான். மகன் அன்டன் கலியாணம் முடித்து கர்க்லாண்டுக்கு வீடு மாறிப் போனபோது, "வீட்டில ஒரு சத்தம் இருக்கட்டும் அம்மா" என்று தான் வளர்த்த குருவியைத் தாயிடம் விட்டுப்போயிருந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் கதைப்பது அல்போன்சம்மா, பதில் சொல்வது கபிரியேல். இன்று மீன் பொரிக்கையில் கருகிவிட்டது. கீழ்வீட்டில் விரதம், மணம் போகக்கூடாது என்று எதிர்ப்பக்கத்து யன்னலை அகலத் திறந்தார். கூட்டைக் கழுவவென்று அதன் கதவு திறந்து கிடந்ததை மறந்துபோனார்.

"இரவைக்குக் குளிர் இறங்கினால் செத்துப்போவான் பிள்ளை" என்றார் சிவமலரின் கையைப் பிடித்துக்கொண்டு. "அவனுக்கு இந்தக் குளிர் தெரியாது."

சொல்லிவிட்டு அழுதார். சத்தமில்லாத அழுகைதான், ஆனால் குசினி முழுக்க அது நிறைந்தது. இவ்வளவு நேரமும் எதிரி என்று எண்ணி ஏசியது இந்த மனிசியின் வீட்டுச் சத்தத்தையா என்று பேரின்பநாதனார் வெட்கப்பட்டார். அக்கணமே போரின் நோக்கம் மாறிற்று. துரத்துவதல்ல, இனி உயிரோடு சிறைபிடிப்பது! தோளிலிருந்த துவாயை எடுத்து மேசையில் எறிந்து, கை உயர்த்தி, அவர் இட்ட சூளுரை இது:

"அழாதேங்கோ அல்போன்சம்மா. உங்கட கபிரியேலைப் பிடிச்சுத் தராமல் நான் இண்டைக்கு இந்தச் சோத்தில கைவைக்கிறேல்லை!"

காகம் வாய்வைக்காமல் எப்படியும் கைவைக்க முடியாதுதான். இருந்தாலும் சூளுரை சூளுரையே.

சிறைக்கூடமாக நியமிக்கப்பட்டது, மரக்கறி கழுவி வடிக்கும் பெரிய பிளாஸ்டிக் வடி. அதைப் பல்கனித் தரையில் கவிழ்த்து, ஒருபக்கத்தை அகப்பையால் முட்டுக்கொடுத்து நிமிர்த்தி, அகப்பைக் காம்பில் பூமாலை கட்டும் நூலை முடிந்து, மறுமுனையைப் பெருந்தகையார் கையில் சுற்றிக்கொண்டார். பல்கனிக்கதவை ஒரு கீற்றளவு திறந்துவைத்து, குசினித் தரையிலே, அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே, குப்புறப் படுத்தார். அவர் படுத்த இடத்திலிருந்து பாயாசச் சட்டி மிக அருகில். விதி சில வேளைகளில் வேண்டுமென்றே செய்யும்.

சுவாமிக்குப் படைத்த வாழைப்பழத்தைத் துண்டாக்கி வடியின் கீழே வைத்தார்கள். கபிரியேல் சோறு தின்று வயிறு நிரம்பியவன். அந்த வீட்டில் அப்போது வயிறு நிறைந்திருந்தவன் அவன் ஒருவனே. வாழைப்பழத்தை ஏறெடுத்தும் பார்த்தானில்லை. வடியின் உச்சியில் ஏறி நின்று பாடினான்.

"வேற என்னத்துக்கு வருவான்?" என்று மெல்லக் கேட்டார் சிவமலர்.

"பிளம்ஸ் எண்டால் உயிரை விடுவான், பிள்ளை. மேல முடிஞ்சுபோச்சு. இஞ்சை இருக்கோ?"

தரையில் கிடந்த உடல் ஒன்று விறைத்தது.

சிவமலர் வெறும் பைக்கற்றை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். பிறகு பாயாசச் சட்டியைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கட்டளை இல்லை, அதுதான் கொடுமை. கட்டளையென்றால் மறுத்துப்பார்க்கலாம். அல்போன்சம்மா ஒன்றும் அறியாதவராய்ச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

எழுந்தார் பேரின்பநாதனார். வள்ளல்கள் கொடுத்தார்கள் என்று கேள்விப்படுகிறோம், என்ன கொடுத்தார்கள்? மிஞ்சியதைக் கொடுத்தார்கள், அரண்மனையிலே கிடந்ததைக் கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டு வந்து கொடுத்தார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்து, மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்த ஏலக்காய் ஆவியில் கண் கலங்கி, ஊறிப்பருத்த பிளம்ஸை ஒவ்வொன்றாய்க் கரண்டியால் பொறுக்கியெடுத்துச் சிறுதட்டில் வைத்துக் கொடுத்தவர் எவர்? சொல்லுங்கள் பார்ப்போம்! ஒன்றை எடுக்கையில் கரண்டி கொஞ்சம் வாய்ப்பக்கம் திரும்பியது. சிவமலர் செருமினார். கரண்டி தன் வழிக்கு வந்தது.

மீண்டும் குப்புறப் படுக்கை. மீண்டும் நூல். வடியின் கீழே பிளம்ஸ் குவியல் பளபளத்தது. கபிரியேல் கண்டான். பாட்டு நின்றது. தத்தித் தத்தி வந்தான். தலையை மட்டும் உள்ளே நீட்டி ஒன்றைக் கௌவிக்கொண்டு வெளியே ஓடிப்போய்த் தின்றான். மறுபடி வந்தான், நீட்டினான், கௌவினான், ஓடினான். ஒவ்வொன்றாய், ஒவ்வொன்றாய், பேரின்பநாதனாரின் கண்ணெதிரிலேயே அவருடைய கடைசிவாய் எல்லாம் குருவியின் கழுத்துக்குள் இறங்கிற்று. உடல் முழுதும் உள்ளே வரட்டும், காலும் வாலும் உள்ளே வரட்டும் என்று பல்லைக் கடித்துக் காத்தார். ஒருமுறை வயிறு சிங்கம்போல் உறுமியது. கபிரியேல் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். குசினியில் இருந்த மூவரும் மூச்சை அடக்கினார்கள்.

அவன் மறுபடி குனிந்து உள்ளே ஒரு கால் வைத்தானோ இல்லையோ, வாசலில் முழங்கிற்று வினோஜனின் ஹோர்ன். ஊழிக்காலத்துச் சங்கோ, உலகம் பிளந்த ஓசையோ என்னும்படி அது முழங்க, கபிரியேல் கொடிக்குப் பறந்தான், அல்போன்சம்மா "யேசுவே!" என்றார், பெருந்தகையார் நூலை வீணாய் இழுத்து வெறும் வடியைச் சிறைபிடித்தார்.

"அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்!" என்று தரையிலிருந்தபடியே முழங்கினார். சிவமலர் முன்பக்கம் ஓடி, யன்னலைத் திறந்து, "வினோஜன், ஹோர்ன் அடிக்காதையும்! அவர் குருவி பிடிக்கிறார்!" என்று ஒழுங்கைவரை கேட்கக் கூவினார். வினோஜன் என்ன நினைத்தானோ, அதன்பின் அடிக்கவில்லை.

வடியை மீண்டும் நிமிர்த்தினார்கள். பார்த்தால், மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிளம்ஸ். எல்லாவற்றிலும் பெரியது. பேரின்பநாதனார் அதை இரண்டு விரலால் எடுத்து, வடியின் நட்டநடுவில், கை எட்டும் எல்லைவரை உள்ளே தள்ளிவைத்தார். வைத்த விரலை நக்கவுமில்லை. சிவமலர் பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று அசைந்தது. மேப்பிள் இலை ஒன்று விழுந்தது. கொடியிலிருந்து இறங்கினான் வெள்ளிச்செவியன். வடியை ஒரு சுற்றுச் சுற்றினான். தலையை நீட்டினான், எட்டவில்லை. ஒரு கால் வைத்தான், எட்டவில்லை. மறுகாலும் வைத்தான். சிவந்த வாலும் நிழலுக்குள் போயிற்று.

இழுத்தார்!

அகப்பை சரிந்தது, வடி விழுந்தது, அதன் துளைகளினூடே மஞ்சளும் சிவப்பும் படபடத்தன. பெரும்போர் முடிந்தது. "பிடிச்சிட்டன்!" என்று எழுந்தவர் அடுப்பு விளிம்பில் தலையை இடித்துக்கொண்டார், வெற்றி வேளையில் அது நோகவில்லை.

அல்போன்சம்மா பல்கனியில் முழங்காலில் இருந்து, வடியின் விளிம்பை மெல்ல உயர்த்தி, உள்ளே கையை நீட்டினார். கபிரியேல் கொஞ்சம் யோசித்தான். பிறகு, ஒன்றும் நடக்காதவன்போல், அவருடைய விரலில் ஏறி நின்றான். அவனை நெஞ்சோடு அணைத்து, "எங்கையடா போனனீ, கள்ளா" என்று கேட்டு அந்த மனிசி சிரித்துக்கொண்டே அழுததைப் பார்த்துச் சிவமலரும் அழுதார். பேரின்பநாதனார் மட்டும் அழவில்லை என்று எழுதச்சொல்லி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

கண்ணைத் துடைத்துவிட்டுச் சிவமலர் சொன்னார்: "சரி. இனிக் காகம் வரட்டும்."

"காகமோ?" என்றார் அல்போன்சம்மா, குருவியின் தலையைத் தடவியபடியே. "அது அப்பவே வந்து திண்டிட்டுப் போட்டுதே, பிள்ளை."

"என்ன?"

"ஓம். நான் மேல பல்கனியில நிண்டு கண்டனான். நீர் இலையை வைச்சிட்டு உள்ளுக்குப் போக, பாய்ஞ்சு வந்து சோத்தில நல்லாய்க் கொத்தித் திண்டிட்டு, வடையையும் தூக்கிக்கொண்டு போச்சுது. இவனையும் கொத்திப்போடுமோ எண்டு பயந்துதானே நான் விழுந்தடிச்சுக் கீழ ஓடி வந்தனான். ஏன், காகம் தின்னக்கூடாதோ?"

ஒழுங்கைக் கம்பத்தின்மேல் காகம் அலகைத் துடைத்து முடித்து, ஒருதரம் கரைந்துவிட்டுப் பறந்துபோயிற்று.

கபிரியேல் இறங்குமுன்பே விரதம் நிறைவேறியிருந்தது. கற்பூரம் அணைந்த கணத்திலேயே அவர் சோற்றில் கைவைத்திருக்கலாம், சூட்டோடு, அப்பளம் மொறுமொறுக்க, பாயாசத்திலே பிளம்ஸ் மிதக்க. ஆனால் அவர் அன்று சாப்பிடப் போயிருந்தால் அந்த ஒழுங்கையில் குளிர் இறங்கும்போது கபிரியேல் எங்கே இருந்திருப்பான்? இதை நினைத்து மற்றதெல்லாம் பொறுத்த பெருந்தகையார் ஒன்றே ஒன்றை மட்டும், இமயம் நிமிர்ந்ததுபோல் நிமிர்ந்து, மனைவியை நோக்கி, ஊர் கேட்க, உலகம் கேட்க முழங்கினார்:

"வடையை நான் எடுக்கேல்லை!"

"நீங்கள் எடுக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியாதோ?" என்றார் சிவமலர், கொஞ்சமும் கூசாமல். சொல்லிவிட்டு உள்ளே விரைந்து, முழு வாழையிலை விரித்து, சோறு போட்டு, கறிகளைச் சுற்றிவர நிறுத்தி, வடை ஒன்றல்ல, கை நிறைய அள்ளிவைத்தார். மன்னிப்பு அந்த வீட்டில் அப்படித்தான் பரிமாறப்படும்.

வினோஜன் பொறுமையிழந்து படியேறி வந்தான். "அண்ணை, வாறியளோ? பிந்தப்போகுது."

"தம்பி வினோஜன், நான் சாப்பிட்டிட்டுத்தான் வாறன்." இது சூளுரை அல்ல, பிரகடனம். வினோஜன் இலையைப் பார்த்தான். சப்பாத்தைக் கழற்றினான். அவனுக்கும் ஒரு இலை விழுந்தது.

உண்டார் பேரின்பநாதனார்! ஆறிய சோறு அமுதமாயிற்று, நமுத்த அப்பளமும் இனித்தது, கத்தரிக்காய்க் குழம்பு நாவிலிருந்து நெஞ்சுவரை ஒரு தேர்போல் ஆடியாடி இறங்கிற்று. மேல்தட்டிலே கூட்டுக்குள் மீண்ட கபிரியேல் பாடத் தொடங்க, அப்பாட்டு உள்முகட்டைத் துளைத்துக்கொண்டு இலையின்மேல் வந்து இறங்கிற்று. அல்போன்சம்மா ஏதோ கதைப்பதும், அவன் பதில் சொல்வதும் கேட்டது. வெற்றிவாகை சூடிய வேந்தர், பட்ட துன்பம் யாவும் மறந்து, வயிறும் மனமும் ஒருசேர நிறைந்து, முகமலர்ச்சியோடு பாயாசக் கிண்ணத்தை இருகையாலும் ஏந்தி, கடைசிவாய்க்குச் சேர்த்துவைக்கும் தம் நெடுநாள் வழக்கப்படி, கரண்டியை அடிவரை ஆழவிட்டு, மெல்ல, மிக மெல்ல, ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் துழாவினார்.

பாயாசத்தில் ஒரு பிளம்ஸ் கூட இல்லை.